பலசாலி நாய்க்குக் கொலர், லீஷ், ஹார்னெஸ்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் காலையில் நாயோடு நடப்பவர்கள் ஒருவரையொருவர் நிறுத்திக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ரொட்வைலர், ஜேர்மன் ஷெப்பர்ட், லப்ரடோர் என்று கையை இழுத்துப் பறிக்கும் நாய் வைத்திருப்பவர்களின் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். நல்ல உடம்புள்ள நம்முடைய ஊர்நாய்க்கும் இதெல்லாம் பொருந்தும். அதுவும் லேசாக இழுக்காது.

கொலர் மட்டும் போதாதா? ஹார்னெஸும் வேணுமா?

இரண்டும் வேண்டும், ஆனால் வேலை வேறு. கொலர் கழுத்துப் பட்டி, ஹார்னெஸ் நெஞ்சையும் முதுகையும் சுற்றிப் போடும் பட்டி, லீஷ் நாயைப் பிடித்து நடக்கும் வார். கொலர் எப்போதும் கழுத்தில் இருக்கட்டும், அதில் உங்கள் தொலைபேசி இலக்கம் பொறித்த தகடு தொங்கட்டும். நாய் தவறிப் போனால் அதைக் கண்டவர் உங்களை அழைக்க அந்த இலக்கம்தான் வழி. இழுக்கும் நாயை நடக்கக் கூட்டிப் போகும்போது லீஷை ஹார்னெஸில் கொழுவுங்கள்.

காரணம் கழுத்து. மூச்சுக்குழாய் அங்கேதான் மேலாக ஓடுகிறது. கொலரை இழுத்துக்கொண்டே நடக்கும் நாய் இருமுவதையும் கரகரவென்று மூச்சு விடுவதையும் பார்த்திருப்பீர்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், கொலரில் இழுவை ஏறியபோது நாய்களின் கண்ணழுத்தம் கூடியது, ஹார்னெஸில் கூடவில்லை. கண் நோயோ தொண்டைக் கோளாறோ உள்ள நாய்க்கு இது இன்னும் முக்கியம்.

எங்கட ஆள் 35 கிலோ. எத்தனை அங்குல அகலப் பட்டி எடுக்கிறது?

ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் எடுங்கள். கழுத்து தடித்த நாய்க்கு ஒன்றரை அங்குலம் நல்லது. அகலம் பெரும்பாலும் பலத்துக்காக அல்ல, அழுத்தம் ஒரே கோட்டில் விழாமல் பரவுவதற்காக. நெருக்கமாக நெய்த நல்ல நைலோன் நாடா ஒரு அங்குல அகலத்திலேயே நாயின் இழுவைக்கு அறாது. அறுவது வேறு இடத்தில். அடுத்த இரண்டு பதில்களும் அதைப் பற்றித்தான்.

நாய் 40 கிலோதானே, 100 கிலோ தாங்கும் எண்டு எழுதின லீஷ் எப்பிடி அறுந்தது?

நாயின் எடை வேறு, அது பாய்ந்து லீஷின் நுனிக்கு வரும்போது ஏற்படும் இழுவை வேறு. 40 கிலோ நாய் ஒன்று பூனையைக் கண்டு மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். லீஷ் இறுகி, 20 சென்ரிமீற்றருக்குள் அது நின்றால், அந்தக் கணத்தில் லீஷில் சராசரியாக ஏறும் இழுவை 250 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். வேகம் பாதியானால் இழுவை கால்வாசியாகும். அதே நாய் செக்கனுக்கு இரண்டரை மீற்றரில் வந்தால் 60 கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

இதிலிருந்து நேராக வரும் முடிவு: நாய் வேகம் எடுக்க எவ்வளவு தூரம் விடுகிறீர்களோ அவ்வளவுக்கு லீஷ் அடி வாங்கும். நாலடி லீஷில் உள்ள சாமான், பதினைந்து அடி லீஷில் உள்ள அதே சாமானை விட நீண்டகாலம் உழைக்கும். பெட்டியில் போட்டிருக்கும் கிலோக் கணக்கு அமைதியாகத் தொங்கும் எடைக்கானதா, திடீர் இழுவைக்கானதா என்று பெரும்பாலான பெட்டிகளில் எழுதியிருக்காது. ஆகவே நான் அந்த இலக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்ப கடையில நிண்டு எதைப் பாக்கிறது?

முதலில் இரும்புச் சாமானைப் பாருங்கள், துணியைப் பிறகு பார்க்கலாம். லீஷின் கொழுக்கி, கொலரின் அரைவட்ட வளையம், ஹார்னெஸின் பூட்டு, இந்த மூன்றில் ஒன்றுதான் வழக்கமாக முதலில் கைவிடும்.

வளையத்தைச் சுற்றி விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் நகம் தட்டுப்பட்டு, மயிரிழை அளவு பிளவு தெரிந்தால் அது கம்பியை வளைத்து முட்டவிட்ட வளையம். பலமான நாய் அதை மெல்ல மெல்லத் திறந்துவிடும். ஒட்டிய இடம் மேடாகவோ தேய்த்து மழுப்பியோ இருந்தால் அது வெல்டிங் செய்தது, வாங்கலாம்.

அடுத்தது உலோகம். மலிவான கொழுக்கிகள் பல, நாக (சிங்க்) கலவையை அச்சில் வார்த்து மேலே பளபளப்பு பூசியவை. அவை வளையாது, ஒருநாள் சட்டென்று உடையும். உடைந்த வாயில் சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று தெரியும். சாவிக்கொத்தில் சின்னக் காந்தம் ஒன்றை வைத்திருங்கள். தங்க நிறக் கொழுக்கியில் காந்தம் ஒட்டினால் அது பித்தளைப் பூச்சு போட்ட இரும்பு. ஒட்டவில்லை என்பதற்காகப் பித்தளை என்று முடிவு கட்டவும் முடியாது, நாகத்திலும் காந்தம் ஒட்டாது. கொழுக்கியின் உட்பக்கத்தில், பூச்சு தேய்ந்த இடத்தில் மஞ்சளாகவே இருந்தால் திடப் பித்தளை. வெள்ளைச் சாம்பலாகத் தெரிந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

கடைசியாகத் தையல். கைப்பிடி மடிப்பிலும் கொழுக்கி மடிப்பிலும் நீள்சதுரம் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும். குறுக்கே ஒரேயொரு கோடு மட்டும் ஓடியிருந்தால் அது சின்ன நாய்ச் சாமான். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் வடிவாகப் பாருங்கள்.

தோல் நல்லதா, நைலோன் நல்லதா? பயோதேன் எண்டு ஒண்டும் சொல்லினம்.

தோல் கையில் பிடிக்கச் சுகம், பழகப் பழக மெதுவாகும். ஆனால் கொழும்புக் காற்றின் ஈரத்தில் அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தென்மேல் பருவமழைக் காலத்தில், மே தொடக்கம் செப்டெம்பர் வரை, நனைந்த தோல் காயவே நாளெடுக்கும். வெயிலில் போட்டுக் காயவைத்தால் வெடிக்கும். துடைத்து, நிழலில் காயவிட்டு, எண்ணெய் பூசிப் பராமரிக்கும் பொறுமை உள்ளவர்களுக்குத் தோல் சரி.

நைலோன் பலமானது, விலையும் தாங்கும். தண்ணீரை உறிஞ்சும், நனைந்தால் கொஞ்சம் நீளும், பலமும் ஓரளவு குறையும். மணக்கவும் தொடங்கும். பொலியெஸ்டர் நாடா அவ்வளவு தண்ணீர் குடிக்காது, வெயிலையும் கூடத் தாங்கும். இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் நான் பொலியெஸ்டரை எடுப்பேன். பொலிப்புரொப்பிலீன் நாடா தண்ணீரில் மிதக்கும், மலிவு, ஆனால் வெயில் பட்டுப் பட்டு நார் நாராக உதிரும்.

பயோதேன் என்பது பொலியெஸ்டர் நாடாவின் மேல் பிளாஸ்டிக் போன்ற ஒரு பூச்சு ஏற்றியது. தண்ணீர் உள்ளே போகாது, பூஞ்சணம் பிடிக்காது, குழாய்க்குக் கீழே பிடித்துக் கழுவிவிட்டால் முடிந்தது. நம் காலநிலைக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. விலை கூட, நனைந்தால் மெல்லிய பட்டி கையில் வழுக்கும். கைப்பிடி உள்ள, முக்கால் அங்குலத்துக்குக் குறையாத பட்டியாகப் பார்த்து எடுங்கள்.

கடற்கரைக்குக் கூட்டிப் போறனாங்கள். கொழுக்கி கெதியில கறள் பிடிச்சு இறுகிப் போகுது, என்ன செய்யலாம்?

கடற்கரைக்குப் போகாதவர்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. மரைன் டிரைவ் பக்கத் தொடர்மாடிகளில் பல்கனியில் தொங்கும் லீஷ், நாய் தொடாமலேயே உப்புக் காற்றில் கறள் பிடிக்கும். லீஷை வீட்டின் உள்பக்கம் தொங்கவிடுங்கள். கடலுக்குப் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், கொழுக்கியின் வில்லை (ஸ்பிரிங்கை) நாலைந்து தடவை அழுத்தி உள்ளே இருக்கும் மணலையும் வெளியே எடுங்கள். பல நேரம் கறளை விட மணல்தான் வில்லை இறுக்குகிறது. காய்ந்த பிறகு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும்.

புதிதாக வாங்குவதென்றால் திடப் பித்தளை அல்லது 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. வழக்கமாகக் கிடைக்கும் 304 தரமும் வீதி நடைக்குப் போதும். 316இல் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் கடல் உப்பை அது நன்றாகத் தாங்கும், படகுச் சாமான்களுக்கு அதைப் பயன்படுத்துவதும் அதனால்தான். மலையேறுபவர்களின் அலுமினியக் கொழுக்கியைச் சிலர் போடுகிறார்கள். பலத்தில் குறையில்லை, அதில் கிலோநியூட்டன் கணக்கும் பொறித்திருக்கும். ஒரு கிலோநியூட்டன் கிட்டத்தட்ட 100 கிலோ இழுவை. ஆனால் அலுமினியமும் கடல் உப்பில் வெள்ளையாக அரிக்கும். சாவி கொழுவ விற்கும் அதே வடிவச் சாமானை நாய்க்குப் போடவே வேண்டாம்.

பிளாஸ்டிக் பூட்டை நம்பலாமா?

நல்ல தடித்த பிளாஸ்டிக் பூட்டு புதிதாக இருக்கும்போது தாங்கும். வெயிலில் காய்ந்து, நாய் இரண்டு தடவை கடித்து, பூட்டின் ஒரு பல்லில் வெள்ளைக் கோடு விழுந்த பிறகு தாங்காது. 30 கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்குக் கொலரில் உலோகப் பூட்டு அல்லது இடுப்புப் பட்டி போல ஊசி கோர்க்கும் பூட்டு எடுங்கள். ஹார்னெஸில் எல்லா இடத்திலும் உலோகம் போட்டால் பாரமாகும். அதனால் பிளாஸ்டிக்கை அங்கே ஏற்றுக்கொள்ளலாம், மாதம் ஒருக்கால் பார்த்துக்கொண்டால் சரி.

வெடிச் சத்தம் கேட்டா பின்பக்கமா இழுத்து, கொலரைத் தலையால கழட்டிப்போட்டு ஓடுறான்.

சித்திரை வருடப்பிறப்பு, டிசம்பர் 31 இரவு, இலங்கை கிரிக்கெட்டில் வென்ற நாள், இந்த நேரங்களில் காணாமற்போகும் நாய்களில் நிறையப் பேர் இப்படித்தான் போகிறார்கள். முதலில் அளவைப் பாருங்கள். கொலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் படுக்கையாக நுழைய வேண்டும், மூன்று விரல் நுழைந்தால் தளர்வு. தலையும் கழுத்தும் ஒரே பருமனான நாய்க்கு மார்ட்டிங்கேல் வகைக் கொலர் பொருத்தம். இழுக்கும்போது கொஞ்சம் இறுகும், ஓரளவுக்கு மேல் இறுகாது. நன்றாக இறுகிய நிலையிலும் அது மூச்சை அடைக்காத அளவில் வைத்திருக்க வேண்டும்.

ஹார்னெஸையும் சில நாய்கள் கழற்றும். தலையைத் தாழ்த்தி, முன்னங்கால்களை மடித்துப் பின்னால் போனால் சாதாரண ஹார்னெஸ் உருவிக்கொண்டு வந்துவிடும். இப்படிச் செய்யும் நாய்க்கு, விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கும் இடத்தில் மூன்றாவது பட்டி உள்ள ஹார்னெஸ் எடுங்கள். அதோடு ஹார்னெஸ் வளையத்தையும் கொலர் வளையத்தையும் இணைக்கும் அரையடிப் பாதுகாப்புப் பட்டி ஒன்றைப் போடுங்கள். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். பைத் தொழில் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் தைத்துத் தருவார். வெடி போடும் நாட்களில் இருட்டுவதற்கு முன்பே நடையை முடித்துவிடுவது எல்லாவற்றையும் விட நல்லது.

ஹார்னெஸ் போட்டதும் இன்னும் கூட இழுக்கிறான். காசு வீணா?

பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கும் ஹார்னெஸ்தான் போடுகிறார்கள். முதுகில் லீஷ் கொழுவினால் நெஞ்சால் முட்டி இழுக்க நாய்க்கு வசதி, கழுத்து வலிக்காது. அதனால் இழுக்கும். நெஞ்சுப் பக்கத்திலும் ஒரு வளையம் உள்ள ஹார்னெஸில் அந்த முன்வளையத்தில் கொழுவிப் பாருங்கள். இழுத்தால் நாயின் உடம்பு உங்கள் பக்கம் திரும்பும், நேராகப் பாரம் போட முடியாது. மிகவும் பலமான நாய்க்கு இரண்டு முனையிலும் கொழுக்கி உள்ள லீஷால் முன்னும் பின்னும் சேர்த்துப் பிடிக்கலாம்.

நெஞ்சில் ஆங்கில ஒய் எழுத்துப் போல் இறங்கும் வடிவமாகப் பாருங்கள். தோள் மூட்டுக்குக் குறுக்கே கிடையாகப் போகும் பட்டி, கால் முன்னே நீளுவதைத் தடுக்கும். கடையில் கழுத்தளவு மட்டும் கேட்பார்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும் நாடாவால் அளந்துகொண்டு போங்கள்.

சாமான் இழுவையைக் குறைக்கும், பழக்கத்தை மாற்றாது. இழுத்தால் நிற்பது, லீஷ் தளர்ந்தால் நடப்பது என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும். அப்பா நின்று, மகன் இழுபட்டு ஓடினால் நாய் மகனிடம்தான் பாடம் படிக்கும்.

சங்கிலிதானே எல்லாத்திலயும் பலம்? அதையே போட்டா என்ன?

லீஷைக் கடித்து அறுக்கும் நாய்க்குச் சங்கிலி உதவும். கைப்பிடி தோலாகவோ நாடாவாகவோ இருக்கட்டும், கண்ணிகள் வெல்டிங் செய்தவையாக இருக்கட்டும். மற்ற நாய்களுக்கு அது தேவையில்லை. சங்கிலி கொஞ்சமும் நீளாது. நாய் நிற்க எடுக்கும் தூரம், மேலே சொன்ன 20 சென்ரிமீற்றர், 5 சென்ரிமீற்றராகும், இழுவை நாலு மடங்காகும். அந்த அடி நாயின் உடம்புக்கும் உங்கள் தோளுக்கும்தான். கையில் சுற்றிப் பிடித்தால் விரல் போகும்.

முற்றத்தில் நீளச் சங்கிலியில் கட்டுவது இன்னும் மோசம். கேற்றடியில் யாரோ வர, முழு வேகத்தில் ஓடிக் கழுத்தில் அடி வாங்கும். கட்டியே ஆக வேண்டும் என்றால் குறுகிய நேரம், நிழலில், ஹார்னெஸில், முறுக்கு விழாத சுழல் கொழுக்கியோடு.

சோக் செயின், முள்ளுக் கொலர் போட்டா அடங்குமாமே?

சோக் செயின் இழுக்க இழுக்கக் கழுத்தை இறுக்கும் சங்கிலி, முள்ளுக் கொலர் உள்பக்கம் முள் உள்ளது. வலியால் அடங்கும். தெருநாயைக் கண்டு இழுக்கும்போதெல்லாம் கழுத்தில் குத்தினால், தெருநாயைக் கண்டால் வலிக்கும் என்று படித்துக்கொள்ளும், பிறகு கண்டதும் சீறும். நான் அவற்றைப் போடச் சொல்லமாட்டேன், மேலே சொன்ன முன்வளையத்தைப் பழக்கிப் பாருங்கள்.

இழுக்க இழுக்க நீளுற லீஷ் எப்பிடி?

பலமான நாய்க்கு வேண்டாம். மெல்லிய கயிறு காலில் சுற்றினால் சதையை அறுக்கும், பூட்டு பிளாஸ்டிக், நாய் வேகம் எடுக்க நீளமும் கிடைக்கிறது. முச்சக்கரவண்டிகள் உரசிக்கொண்டு போகும் ஒழுங்கைகளில் அது நாயை நடுவீதிக்கு விடுவதற்குச் சமம்.

கொழும்பு வீதிக்கு நாலடி தொடக்கம் ஆறடி லீஷ் போதும். கொழுக்கிக்குப் பக்கத்தில் இரண்டாவது கைப்பிடி இருந்தால் மிக நல்லது. தொடர்மாடி லிப்டில் ஏறும்போது அதைப் பிடித்து நாயை உங்களோடு ஒட்டி நிறுத்துங்கள். நாய் உள்ளே, லீஷ் கதவிடுக்கில், நீங்கள் வெளியே என்ற நிலை ஒருபோதும் வரக்கூடாது. மரைன் டிரைவிலிருந்து கடற்கரைக்கு இறங்க ரயில் பாதையைக் கடக்கும்போதும் அதே பிடிதான். அங்கே போன பிறகு ஓடவிட விருப்பமென்றால் 5 மீற்றர் நீளக் கயிற்றை ஹார்னெஸின் முதுகு வளையத்தில் கொழுவுங்கள், கொலரில் ஒருபோதும் வேண்டாம்.

புறக்கோட்டையில நாடா வாங்கி, சப்பாத்துத் தைக்கிறவரிட்டக் குடுத்துத் தைச்சா என்ன?

தாராளமாகச் செய்யலாம். நல்ல கையாக இருந்தால் கடைச் சாமானை விட உறுதியாக வரும். நாலு விடயம் சொல்லிவிடுங்கள். நூல் பொலியெஸ்டராகவோ நைலோனாகவோ இருக்கட்டும், பருத்தி நூல் ஈரத்தில் உக்கும். தையல், சதுரமும் பெருக்கல் குறியுமாக வரட்டும். நைலோன் நாடாவின் வெட்டு வாயை நெருப்பில் காட்டி உருக்கி மூடட்டும். நாடாவின் நடுவில் ஓட்டை போட்டு ஆணி அடிக்க வேண்டாம், அந்த இடத்தில் நாடா பலவீனமாகும். வளையத்தையும் கொழுக்கியையும் நீங்களே பார்த்து வாங்கிக் கொடுங்கள்.

அம்மாதான் பகலில கூட்டிப் போறவ. அவவுக்குப் பிடிக்கேலாமல் இருக்கு.

50 கிலோ அம்மாவையும் 40 கிலோ நாயையும் எந்த லீஷும் சமமாக்காது. லீஷை மணிக்கட்டில் சுற்றவோ இடுப்பில் கட்டவோ விடாதீர்கள், நாய் பாய்ந்தால் அவரும் விழுவார். கைப்பிடி வளையத்தைப் பெருவிரலில் போட்டு, மிச்சத்தை உள்ளங்கையில் மடித்து மூடிப் பிடிப்பது நல்ல முறை. முடியாதபோது விட்டுவிடலாம், தோள் இறங்காது. முன்வளைய ஹார்னெஸ், நாலடி லீஷ், சனநடமாட்டம் குறைந்த விடிகாலை நேரம், இவற்றோடும் கஷ்டமென்றால் அம்மா வீட்டில் விளையாடட்டும், நடையை வேறொருவர் எடுக்கட்டும்.

ஹார்னெஸை முழு நாளும் போட்டு வைக்கலாமா?

வேண்டாம். நம் புழுக்கத்தில் அக்குள் பக்கம் ஈரம் நின்று தோல் சிவந்து புண்ணாகும், உண்ணியும் பட்டிக்குக் கீழேதான் ஒளியும். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, அந்த இடத்தைத் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். காரில் கொலரில் கட்டவே கூடாது. ஹார்னெஸை இருக்கைப் பட்டியோடு இணைக்கலாம், ஆனால் நடை ஹார்னெஸ் விபத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. நாய் முன்னுக்குத் தாவி ஓட்டுநரைக் குழப்பாமல் இருக்க அது உதவும், அவ்வளவுதான்.

எப்ப எறியிறது? பாக்க நல்லாத்தான் இருக்கு.

கழுவும் நாளில் நாடாவை மடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மடிப்பில் நார் பிசிறி நின்றால், நிறம் வெளுத்து நாடா விறைத்திருந்தால், தையலில் இரண்டு மூன்று கண்ணி அறுந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. வளையம் உரசும் கொழுக்கியின் உள்வளைவில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், அது வெளியே தெரியாது. கொழுக்கியை அழுத்தி விட்டால் தானாக டக்கென்று மூட வேண்டும், விரலால் தள்ளி மூட வேண்டியிருந்தால் இனி அதை நம்பாதீர்கள். முழுப் பாய்ச்சலில் ஒரு பெரிய இழுவை வாங்கிய பிளாஸ்டிக் பூட்டை, வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். பழைய லீஷில் வெல்டிங் செய்த நல்ல வளையமோ பித்தளைக் கொழுக்கியோ இருந்தால் வெட்டி எடுத்து வையுங்கள், அடுத்த லீஷைத் தைக்கக் கொடுக்கும்போது உதவும்.